யாருக்கு லோக்கல்?

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நானும் மனைவியும் வெளியே சாப்பிடக் கிளம்பிவிடுவோம். கல்யாணமாகி திருவொற்றியூருக்குக் குடிவந்த நாளிலிருந்து இருக்கும் பழக்கம் இது. இருவருக்கும் சேர்த்து 500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. ஏசி ஹால் கூடாது. ஒரு மாதத்துக்குள் போன கடைக்கே மறுபடி போகக்கூடாது. இவ்வளவுதான் விதிகள். ராயபுரம், காசிமேடு, பீச் ஸ்டேஷன், சில நாள் எண்ணூர் வரை பைக்கில் சுற்றுவோம். கடையைத் தேர்வு செய்வது பெரும்பாலும் யூட்யூப்தான்.

அதனால் வடசென்னை உணவு வீடியோக்களை விமர்சிக்கும் இந்தக் கட்டுரையை வெளியாளாக நின்று எழுத எனக்கு உரிமை இல்லை. நான் அவற்றின் நுகர்வோன். ஒருமுறை அதே பாணியில் எழுதியவனும்கூட. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இந்த வீடியோக்களுக்கென்று ஒரு இலக்கணம் உருவாகிவிட்டது. முதலில் ஒரு குறுகலான சந்து. "இங்க இப்படி ஒரு கடை இருக்கறதே லோக்கல் ஆளுங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்ற அறிமுகம். கடைக்கார அக்காவிடம் "எத்தனை வருஷமா நடத்துறீங்க?" என்ற கேள்வி. விலையைக் கேட்டதும் அதிர்ச்சி. முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடல். கடைசியில் "வேற லெவல்". நூறு வீடியோ பார்த்தாலும் இந்த வரிசை மாறுவதில்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் சினிமா வடசென்னைக்குக் கொடுத்தது பெரும்பாலும் கத்தியும் ரத்தமும்தான். இராயபுரம் என்றால் தாதா, காசிமேடு என்றால் கொலை. அடையாறிலும் வேளச்சேரியிலும் இருப்பவர்கள் பயமில்லாமல் இந்தப் பக்கம் வந்து சாப்பிட்டுப் போவதற்கு இந்த வீடியோக்களும் ஒரு காரணம். அதை மறுக்க முடியாது. ஆனால் பயத்தைப் போக்குவது வேறு, புரியவைப்பது வேறு.

அத்தோவையே எடுத்துக்கொள்வோம். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள தெருக்களில் மாலை ஆனால் தள்ளுவண்டிகள் வரிசை கட்டும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ. எல்லாவற்றையும் கையால் பிசைந்து தட்டில் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம். வீடியோக்கள் இதை "பர்மா ஸ்டைல் நூடுல்ஸ்" என்று சொல்லிவிட்டு விலைக்குப் போய்விடும்.

பர்மிய மொழியில் 'அதொக்' என்றால் பிசைந்து கலந்தது. 'பே ஜோ' என்றால் பொரித்த பருப்பு. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களில் பலர் வியாசர்பாடிப் பக்கம் குடியமர்ந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய சாலையோரத்தில் பர்மா பஜார் எழுந்தது. அவர்களோடு வந்த சாப்பாடுதான் அத்தோ.

இதுவரை கொஞ்சம் தேடினாலே கிடைக்கும். விமர்சனம் தொடங்க வேண்டியது இதற்கு அடுத்து. பர்மாவில் மொஹிங்கா என்பது மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்டது. அந்தக் குழம்பில் வாழைத்தண்டும் சேரும். சென்னைத் தள்ளுவண்டிக்கு வரும்போது பெரும்பாலும் மீன் போய், தண்டு மட்டும் தனி சூப்பாக நிற்கிறது. மீன் ஏன் போனது? மீன் வாசம் பிடிக்காத வாடிக்கையாளருக்காகவா, செலவைக் குறைக்கவா, இரண்டுமா? ஒரு சமூகம் அகதியாக வந்து, புது ஊரின் நாக்குக்கு ஏற்ப தன் நாக்கை மாற்றிக்கொண்ட தடயம் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. கேமரா அதைக் குடித்துவிட்டு "செம்ம காரம்" என்கிறது.

இரண்டாவது விஷயம் விலை. இந்த வகைமையில் மலிவு என்பது ஒரு அறம். "இந்தக் காலத்துல இந்த விலைக்கு யார் தராங்க? இது சேவை" என்பார்கள். அது சேவை இல்லை, கணக்கு. வாடிக்கையாளர் துறைமுக லோடுமேன், லாரி கிளீனர், ஐஸ் உடைப்பவர், காண்ட்ராக்ட் தொழிலாளி. அவர்கள் கூலிக்கு மேல் விலை வைத்தால் கடை காலி. குறைந்த கூலிதான் குறைந்த விலையாகத் தட்டில் வந்து உட்கார்கிறது. அதைப் பார்த்து நாம் நெகிழ்வது கொஞ்சம் வெட்கமான காரியம்.

இப்போது என் கதை. நாலு வருஷம் முன்பு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் ஒரு அக்கா நாஷ்டா கடை போட்டிருந்தார். காலையில் இட்லி, வடகறி. இரவில் தோசை, மீன் குழம்பு. இரண்டு பெஞ்ச், ஒரு பிளாஸ்டிக் ட்ரம். நான் போட்டோ எடுத்து, 'மறைந்திருக்கும் ரத்தினம்' என்கிற தோரணையில் ஒரு பதிவு போட்டேன். வழி சொல்லி மேப்பும் வைத்தேன். நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். பின்னாலேயே இரண்டு சேனல்கள் வந்தன. ஓஎம்ஆரிலிருந்து காரில் ஆட்கள் வந்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

மனைவி மட்டும் அப்போதே கேட்டாள். "அங்க வழக்கமா உக்காந்து சாப்பிடுற பெரியவர் இப்ப எங்கப்பா சாப்பிடுறாரு?"

நான் அதைக் காதில் வாங்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்துப் போனபோது ஒரு பெஞ்ச்தான் இருந்தது. கூட்டமும் இல்லை. அக்கா கோபமாக எதுவும் சொல்லவில்லை.

"மூணு மாசம் நல்லாதான் ஓடுச்சு தம்பி. மாவு பத்தல, ரெண்டு பேர வேலைக்கு வெச்சேன். நம்ம ஆளுங்க வந்து பாத்துட்டு, லைன்ல நிக்க நேரமில்லன்னு ஷிப்ட்டுக்கு ஓடிட்டாங்க. வேற கடையில கணக்கு வெச்சிக்கினாங்க. அப்புறம் உங்க ஆளுங்களும் வரல."

'உங்க ஆளுங்க.' அதே பின்கோடில் வசிக்கும் என்னைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தை. லோக்கல் என்பது முகவரி இல்லை, கணக்கு நோட்டு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வாரம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு சம்பள நாளில் காசு கொடுப்பவன்தான் அந்தக் கடைக்கு லோக்கல். ஒருமுறை ஜிபே பண்ணிவிட்டுப் போகிற நான் இல்லை. அந்தப் பதிவை நீக்கினேன். நீக்கியதால் அக்காவுக்கு எந்தப் பயனும் இல்லை.

மூன்றாவது விஷயத்தையும் மனைவிதான் சொன்னாள். ஒருநாள் காசிமேட்டில் வறுத்த மீன் வாங்கி நின்றபடி தின்றுகொண்டிருந்தோம். "நீ காட்டின வீடியோல எல்லாம் சமைக்கிறது பொம்பளைங்க, சாப்பிடுறது ஆம்பளைங்க. கவனிச்சியா?" என்றாள். வீட்டுக்கு வந்து பத்து வீடியோ திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் ஒரு பெண் பார்சலுக்காக நின்றாள். இரவு எட்டு மணிக்குத் தள்ளுவண்டி முன் ஒரு பெண் தனியாக நின்று சாப்பிட முடியுமா, உட்கார இடம் உண்டா, பக்கத்தில் டாஸ்மாக் இருக்கிறதா, அவசரத்துக்கு ஒதுங்க வழி இருக்கிறதா? ஒரு கடையைப் பற்றி இதெல்லாம் முக்கியமான தகவல்கள். காரம் எவ்வளவு என்பதைவிட முக்கியம். நாங்கள் 'எளிமையாக' சுற்றுகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏசி கூடாது என்ற விதியைப் போட்டது நான்தான். கழிப்பறை இல்லாத ஐந்து மணி நேரத்தைக் கடந்தது அவள்.

கடைசியாக மீன். "கடல்லேர்ந்து நேரா தட்டுக்கு" என்பது இந்த வகைமைக்குப் பிடித்த வாசகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் எடுத்த வீடியோவிலும் இதே வாசகம் வரும். ஃபைபர் படகு கரையோரத்தில் பிடித்ததா, வெளி மாநிலத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை.

அதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து எண்ணூர் கழிமுகத்தை மூடியது. படகு, வலை, அலையாத்தி எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் சுற்றுவட்டார மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் பல வருடங்களாகக் கொசஸ்தலையாற்றில் படிந்துகொண்டிருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடுபவர்களின் உடம்பில்தான் முதலில் இதெல்லாம் ஏறுகிறது. நம் தட்டுக்கு வருவது பிறகுதான்.

அந்த ஜனவரியில் எண்ணூர் போயிருந்தோம். மீன் விற்ற அம்மாவிடம், "இந்த மீன் சாப்பிடலாமா?" என்று கேட்டேன். "நாங்க சாப்பிடுறோமே" என்றார். அது பதிலா, கோபமா என்று தெரியவில்லை. வாங்காமல் வந்தால் அவர் பிழைப்பில் மண். வாங்கினால் எனக்குள் ஒரு பயம். வாங்கினோம். குழம்பு வைத்தோம். இருவரும் அதிகம் பேசாமல் சாப்பிட்டோம். அந்தச் சாப்பாட்டுக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பது?

உணவைப் பற்றி எழுதாதே என்று சொல்ல வரவில்லை. ருசியைச் சொல்வதும் ஒரு கலைதான். ஆனால் ருசி நாக்கில் மட்டும் தீர்மானமாவதில்லை. திருவொற்றியூரில் சமாதி அடைந்த பட்டினத்தாரைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் கையில் இருந்த பேய்க்கரும்பின் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அதுதான் அவர் அடங்கும் இடம் என்று சொல்லப்பட்டிருந்ததாம். பல தலங்கள் சுற்றினார். இங்கே வந்ததும் கரும்பு இனித்தது. இனித்ததும் அவர் அடுத்த ஊருக்குக் கிளம்பவில்லை, இங்கேயே தங்கிவிட்டார். நம் வீடியோக்களில் இனித்த மறுநிமிடமே அடுத்த கடை.

இப்போது எங்கள் விதிகளை மாற்றிவிட்டோம். 500 ரூபாய் அப்படியே இருக்கிறது. ஏசி தடையை மனைவி ரத்து செய்துவிட்டாள். ஒரே கடைக்கு மறுபடி போகக்கூடாது என்ற விதியையும் தூக்கிவிட்டோம். மாதம் மூன்று முறையாவது அந்த அக்கா கடைக்குப் போகிறோம். போன மாதம் பர்ஸை மறந்துவிட்டேன், போனிலும் சார்ஜ் இல்லை. "அப்பால குடு தம்பி" என்று அக்கா ஒரு நோட்டை எடுத்து எழுதினார். என் பெயர் தெரியாததால் 'பைக் தம்பி 140' என்று எழுதியிருந்தார்.

மறுநாளே கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். "சம்பளம் வரட்டும், அப்ப குடுக்கலாம்" என்றாள் மனைவி.