கிட்டியின் பத்தாம் நாள்

லியோ டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' 8 பாகங்களும் 239 அதிகாரங்களும் கொண்ட பெரும் புதினம். அவற்றுள் ஒரேயோர் அதிகாரத்திற்கு மட்டுமே ஆசிரியர் தலைப்பிட்டிருக்கிறார். ஐந்தாம் பாகத்தின் 20ஆம் அதிகாரம் அது, தலைப்பு 'மரணம்'. லெவினின் அண்ணன் நிக்கொலாய் காசநோயால் இறக்கும் அந்த அதிகாரம், லெவினின் இளம் மனைவி கிட்டி கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தியோடு முடிகிறது. சாவின் மறைபொருளுக்கு அருகிலேயே பிறப்பின் மறைபொருளையும் ஆசிரியர் வைத்துவிட்டார் என்று திறனாய்வாளர்கள் வியப்பதுண்டு. குருமடத்தில் படித்த நாள்களில் நானும் அப்படியே வியந்தேன். மறையுரைகளிலும் ஒன்றிரண்டு முறை எடுத்தாண்டிருக்கிறேன். ஐம்பதைக் கடந்த வயதில் மீண்டும் படிக்கும்போது அந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. கருவைச் சின்னமாக்கிவிட்டு, அதைச் சுமந்தவளை மறந்துவிடுகிறோமோ என்று தோன்றுகிறது.

திருமணமாகிச் சில மாதங்களே ஆன லெவினுக்கு, அண்ணன் ஒரு மாகாண நகரத்து விடுதியில் சாகக் கிடப்பதாகக் கடிதம் வருகிறது. எழுதியவர் மரியா நிக்கொலாயெவ்னா. விலைமாதர் இல்லத்திலிருந்து மீட்டு நிக்கொலாய் தம்மோடு வைத்துக்கொண்ட பெண். நானும் வருவேன் என்கிறாள் கிட்டி. அத்தகைய பெண் இருக்குமிடத்திற்குத் தன் மனைவி வருவதா என்று லெவின் சினக்கிறான். சண்டைக்குப் பிறகு இருவருமே புறப்படுகிறார்கள்.

நோயாளியின் அறையில் லெவினால் நிற்க முடியவில்லை. அந்த நாற்றமும் அழுக்கும் முனகலும் அவனைத் துரத்துகின்றன. போர்வைக்குள் அண்ணனின் கால்கள் எப்படி மடங்கிக் கிடக்கின்றன, முதுகை எப்படிச் சாய்த்தால் வலி குறையும் என்று எண்ணிப் பார்க்கவே அவன் அஞ்சுகிறான். ஏதோ ஒரு சாக்குச் சொல்லி வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருக்கிறான். கிட்டியோ மருத்துவரை அழைத்துவரச் சொல்கிறாள். மருந்துக் கடைக்கு ஆளனுப்புகிறாள். தரையைக் கூட்டித் துடைக்க வைக்கிறாள். துப்பட்டி, தலையணை உறை, துண்டு, சட்டை எல்லாம் வரவழைக்கிறாள். எலும்புக்கூடாகிவிட்ட அந்த உடலுக்குச் சட்டை மாற்றும்போது கை சட்டைக்குள் நுழைய மறுப்பதையும், மணக்காடியை ஒரு சிறு குழாயால் ஊதி அவள் அறையின் நாற்றத்தைப் போக்குவதையும் டால்ஸ்டாய் எழுதியிருக்கிறார். பணிவிடை என்ற பெரிய சொல்லை இத்தனை சிறு வேலைகளாகப் பிரித்துக் காட்டிய எழுத்தாளர்கள் குறைவு.

ஆனால் இங்கேதான் எனக்கொரு மனத்தாங்கல். இந்தத் திறமை பெண்ணுள்ளத்திற்கு இயல்பாகவே வாய்த்தது என்பதுபோல் ஆசிரியர் புகழ்கிறார். கிட்டியையும் முதிய பணிப்பெண் அகாபியாவையும் ஒரே வரிசையில் நிறுத்தி, சாவை எப்படி எதிர்கொள்வதென்று இவர்களுக்குத் தெரியும், அறிஞர்களுக்குத் தெரியாது என்று லெவினை எண்ண வைக்கிறார். அழகான புகழ்ச்சிதான், ஆனால் புதினமே அதை மறுக்கிறது. இரண்டாம் பாகத்தில் ஜெர்மானிய நீரூற்று நகரொன்றில், வாரென்கா என்ற பெண்ணைப் பார்த்துத்தான் கிட்டி நோயாளிகளுக்கு உதவ முற்படுகிறாள். அங்கே நோயுற்ற ஓவியர் ஒருவருக்கு உதவப்போய், அவர் மனைவியின் பொறாமைக்கு ஆளாகி, வெட்கத்தோடு விலகுகிறாள். இயல்பாக வந்ததென்றால் இந்தத் தோல்வி எதற்கு? அவள் கற்றுக்கொண்டாள். லெவினும் கற்றுக்கொண்டிருக்கலாம்; அவனுக்குக் கதவு திறந்திருந்தது, வெளியே போனான்.

டால்ஸ்டாயும் ஒருமுறை வெளியே போனவர்தாம். அவர் அண்ணன் திமித்ரி 1856இல் அர்யோல் நகரில் காசநோயால் இறந்தார். விலைமாதர் இல்லத்திலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண்ணே அவரையும் கவனித்துக்கொண்டார். பார்க்கப்போன டால்ஸ்டாய், அண்ணன் உயிர் பிரியுமுன்பே பீட்டர்ஸ்பர்க் திரும்பிவிட்டார். கிட்டியின்மீது சொரியப்படும் புகழில் அந்தப் பழைய குற்றவுணர்வும் கலந்திருக்கிறதோ என்று நான் ஐயுறுகிறேன். புகழ்வது பல நேரங்களில் பொறுப்பிலிருந்து நழுவும் வழியாகவும் ஆகிவிடுகிறது. குருக்களாகிய எங்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆசிரியரின் நேர்மை வேறோர் இடத்தில் ஒளிர்கிறது. நாள்கள் நீளுகின்றன, நோயாளி சாகவில்லை. விடுதி வேலையாள்கள், மருத்துவர், மரியா, லெவின், கிட்டி ஆகிய அனைவர் மனத்திலும் அவர் விரைவில் போய்விட வேண்டும் என்ற ஒரே விருப்பம். எனினும் மருந்து கொடுக்கிறார்கள்; நம்பிக்கைச் சொற்கள் சொல்கிறார்கள். கிட்டியும் இப்படி விரும்பினாள் என்று எழுதத் துணிவு வேண்டும். நீண்ட நோயாளிகள் உள்ள வீடுகளில் இதை நான் எத்தனையோ முறை உணர்ந்திருக்கிறேன். வாசல்வரை வழியனுப்ப வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, "ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்கொண்டால் தேவலை, சாமி" என்பார்கள். உடனே சொல்லத்தகாததைச் சொல்லிவிட்டதுபோல் முகம் வாடும். அன்பு வற்றியதால் எழும் விருப்பமன்று அது. உறக்கமற்ற இரவுகள் பேசும் பேச்சு.

இனி பத்தாம் நாள். அன்று காலை கிட்டிக்குத் தலைவலி, வாந்தி, எழுந்திருக்க முடியவில்லை. களைப்பும் மனக்கலக்கமுமே காரணம் என்று சொல்லும் மருத்துவர், மன அமைதி வேண்டும் என்கிறார். விடுதியில் சாவு நடந்துகொண்டிருக்கும்போது அமைதிக்கு எங்கே போவது? உணவுக்குப் பின் எழுந்து, தையலை எடுத்துக்கொண்டு மீண்டும் நோயாளியின் பக்கத்தில் போய் அமர்கிறாள். தனக்கு உடல்நலமில்லை என்று அவள் சொன்னபோது நிக்கொலாய் இகழ்ச்சியோடு சிரிக்கிறார். சாகிறவர்முன் மற்றவர் எவருக்கும் நோயாளியாகும் உரிமை இல்லை! அந்தச் சிரிப்பை எழுதியவர் மசக்கையை வெறும் சின்னமாக நினைத்திருக்க முடியாது. களைப்பு என்ற மருத்துவர் பின்னர்த் தம் ஐயத்தை உறுதிசெய்து, கரு என்கிறார். கரு என்பதால் களைப்பு பொய்யாகிவிடவில்லை. இருமுகிறவர் அருகில் நாள் முழுதும் அமர்வதன் ஆபத்தும் அங்கே எவருக்கும் தெளிவாகத் தெரியாது. ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தது 1882இல். இப்புதினம் இதழில் வெளிவந்ததோ 1875 முதல் 1877 வரை.

நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில், பக்கவாதத்தால் படுத்திருந்த முதியவர் ஒருவருக்கு முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டுபோவேன். மருமகள் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றி வைத்திருப்பார். "பெரியவர் எப்படி இருக்கிறார்?" என்பேன். அவரும் பெரியவரைப் பற்றியே சொல்வார். அடக்கத் திருப்பலியில் அந்த மருமகளை ரூத்துக்கு ஒப்பிட்டு உருக்கமாகப் பேசினேன். அவர் கோவிலில் இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. வீட்டில் மயங்கி விழுந்திருந்தார். மூன்று மாதம், பல நாள்களாக வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. வேலைக்குச் சோம்பிச் சாக்குச் சொல்கிறாள் என்பார்களோ என்று எவரிடமும் சொல்லவில்லையாம். அவருடைய தாய் என்னிடம் இதைச் சொன்னபோது குரலில் கோபமில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. "நீ சாப்பிட்டாயா அம்மா?" என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

மரியா நிக்கொலாயெவ்னாவைப் பற்றியும் ஒரு சொல். கிட்டியின் பணி பத்து நாள். மரியாவின் பணி பல ஆண்டுகள். நிக்கொலாயின் குடிவெறியையும் வசவையும் தாங்கி, ஊர் ஊராக உடன் சென்றவர். கிட்டி வந்ததும் அவர் தரை துடைக்க அனுப்பப்படுகிறார். கிட்டிக்கு ஒரு மருத்துவர், ஒரு கணவன், ஒரு குழந்தை, திரும்பிச் செல்ல ஒரு வீடு. நிக்கொலாயின் உடலைக் கிடத்திய பிறகு மரியா எங்கே போனார் என்று அந்த அதிகாரம் சொல்வதில்லை. நானும் இந்த முறைதான் தேடிப் பார்த்தேன்.