கொசுவின் மூளை

கனிந்த வாழைக்குலையைச் சுற்றிப் பறக்கும் சிறு பூச்சியை அட்டாளைச்சேனையில் நாம் கொசு என்போம்; நுளம்பு வேறு. விஞ்ஞானிகள் இதனைப் பழ ஈ என்பர். 2024 ஒக்டோபரில் பெண் ஈ ஒன்றின் மூளை முழுவதற்குமான நரம்பிணைப்புப் படம் வெளியாயிற்று. 139,255 நரம்புக் கலங்கள். ஏறத்தாழ ஐந்து கோடி இணைப்புகள். இத்தகைய செய்தி கிடைத்ததும் நம் விஞ்ஞான எழுத்தாளர்க்குக் கைவருவது ஒரே பாணிதான்: 'அற்புதம்! நாளைய ரோபோ ஈயைப் போலச் சிந்திக்கும்!' வாசகனை வாய்பிளக்க வைத்து அனுப்பிவிடும் இவ்வெழுத்து விஞ்ஞானத்தை மந்திரமாக்குகிறது. மந்திரவாதியிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

ஈ செய்வது விளக்கக்கூடிய காரியமே. அதன் மூளையில் வாசனையை ஏந்திவரும் பாதைகள் ஏறத்தாழ ஐம்பது வகை. அவை சுமார் 2000 கலங்களுக்குள் பரவுகின்றன. ஒவ்வொரு கலமும் ஆறேழு பாதைகளையே செவிமடுக்கும். பின்னர் அடக்கும் கலமொன்று குறுக்கிட, நூற்றுக்கு ஐந்து வீதமானவை மாத்திரம் விழித்திருக்கும். விழித்திருக்கும் அக்கூட்டமே அந்த வாசனையின் அடையாளம். 2017 இல் தாஸ்குப்தா, ஸ்டீவன்ஸ், நவ்லாகா ஆகிய மூவரும் இம்முறையைக் கணினிக்குப் புகட்டி, ஒத்த பொருள்களைத் தேடியெடுக்கும் வேலையை வழக்கமான முறையிலும் செம்மையாகச் செய்யலாமெனக் காட்டினர். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிவிடலாம். எழுதுவாரைத்தான் காணோம்.

படம் கிடைத்ததால் ஈ முழுதும் விளங்கிவிட்டதென்பதும் பிழை. பசித்த ஈயும் உண்டு களித்த ஈயும் ஒரே வாசனைக்கு ஒரேவிதமாக நடப்பதில்லை. அந்தப் பசி இணைப்புப் படத்தில் தெரியாது. பசி இல்லாத ரோபோவை ஈக்கு நிகரெனச் சொல்வோர் இதனைச் சிந்திப்பார்களாக.

இத்துறை மேற்கின் தனிச்சொத்துமன்று. 1962 இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியற் பிரிவைத் தொடங்கிய ஒபைத் சித்தீக்கி, 1970களில் சீமோர் பென்சருடன் சேர்ந்து, வெப்பம் ஏறினால் முடங்கி விழும் ஈக்களின் நரம்புக் குறைகளை ஆராய்ந்தார். வெரோனிக்கா ரொட்ரிகஸ் அவருடன் ஈயின் மோப்பத்தையும் சுவையையும் ஆராய்ந்தார். ஈ வளர்க்கப் போத்தலும் மலிவான தீனியும் போதும். ஏழை நாட்டுக்கு ஏற்ற விஞ்ஞானம் இது. நமது ஆசிரியர் கலாசாலை மாணவர்க்குச் சொல்ல வேண்டிய வரலாறும் இதுவே.

இன்னொன்றையும் அற்புதக் கட்டுரைகள் மறைக்கின்றன. அந்தப் படத்தைக் கணினி தானாக வரைந்து முடிக்கவில்லை. கணினி விட்ட பிழைகளைத் திருத்தப் பல நாட்டு ஆய்வாளரும் தொண்டரும் செலவிட்ட உழைப்பு, ஒருவர் 33 ஆண்டு செய்யும் வேலைக்குச் சமம். ரோபோவின் பின்னால் மனிதர் கை இருக்கிறது. அதன் முன்னாலும் இருக்கிறது. நமது பகுதி வயல்களில் வேளாண்மை வெட்டும் இயந்திரம் இறங்கியபின், தாக்கத்தியோடு வந்த வெட்டுக்காரர் கூட்டம் குறைந்துபோயிற்று. இயந்திரத்தோடு நமக்குப் பகையில்லை. அது யாருடைய உடைமை, மிச்சப்பட்ட கூலி யார் மடியில் விழுந்தது என்பதே வழக்கு. ஈயிடம் பாடங்கேட்ட ரோபோ நாளை களை பிடுங்க வரம்பேறும்போதும் இவ்வழக்கு எழும். ரோபோவைப் பாடுவோர் அந்த வெட்டுக்காரனுக்கு இன்னும் ஒரு வரி ஒதுக்கவில்லை.