இணையத்தின் புதிய முகவரி முறை: ஒரு மதிப்பீடு

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண்ணாலான முகவரி ஒன்று வேண்டும் என்பதை அறிவீர்கள். 1981 செப்டம்பரில் வெளியான நான்காம் பதிப்பு நெறிமுறை இதற்கு 32 இரும இலக்கங்களை ஒதுக்கியது. 2-ஐ 32 முறை எழுதிப் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 430 கோடி கிடைக்கும். அன்றைய உலக மக்கள்தொகைக்கே இது சற்றுக் குறைவு.

இக்குறையைப் போக்க 1995 டிசம்பரில் ஆறாம் பதிப்பு வகுக்கப்பட்டது. இதில் முகவரிக்கு 128 இரும இலக்கங்கள். கிடைக்கும் முகவரிகளின் தொகையைச் சாதாரண எண்ணில் எழுதினால் 39 தானங்கள் நீளும். இனி முகவரிப் பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதற்காக வகுத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கொள்ளளவு மட்டுமா ஒரு நெறிமுறையின் தகுதி? பழையதிலிருந்து புதியதற்குச் செல்லும் வழியையும் பார்க்க வேண்டாமா?

பழைய முறை மட்டும் அறிந்த கணிப்பொறியும், புதிய முறை மட்டும் அறிந்த கணிப்பொறியும் நேரே பேசிக்கொள்ள முடியாது. 32 இலக்கங்களுக்கு வகுத்த இடத்தில் 128 இலக்கங்கள் எப்படி அடங்கும்? இது கணக்கின் விதி. எவர் குற்றமும் அன்று. குறை வேறிடத்தில் உள்ளது.

1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் ஒரே நாளில் புது நெறிமுறைக்கு மாறியது. அப்போது இருந்தவை சில நூறு கணிப்பொறிகளே. கோடிக்கணக்கில் பெருகியபின் அப்படி மாற்ற இயலாது. எனவே, இரு முறைகளையும் ஒருங்கே கைக்கொள்வதே 1996-ல் காட்டப்பட்ட முதன்மை வழி. அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் பழைய முகவரியும் ஒன்று வேண்டுமே! தேன் கிடைக்காத ஊரில், தேனில் குழைத்து உண்ணும்படி மருந்து கொடுத்த கதைதான்.

இரு முறைகளுக்கும் இடையே மொழிபெயர்க்கும் ஏற்பாடு ஒன்று 2000-ல் வந்தது. குறைகள் மிகுந்ததால் 2007-ல் அது கைவிடப்பட்டது. திருந்திய ஏற்பாடு வெளிவந்தது 2011 ஏப்ரலில். பழைய முகவரிகளின் உலகப் பொதுக் கையிருப்போ, அவ்வாண்டு பிப்ரவரி 3-ம் நாளே தீர்ந்துவிட்டது. வெள்ளம் வந்தபின் அணை கோலியதாயிற்று.

இதற்கிடையே ஒரே முகவரியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறை பரவிவிட்டது. மாறாதவரும் பிழைத்துக்கொண்டனர், முதலில் மாறியவருக்குச் செலவே மிச்சம். பங்கீட்டிலும் தீங்கு உண்டு. ஒருவர் செய்த தவற்றுக்காக அம்முகவரியைத் தடுத்தால், உடன் இருக்கும் மற்றவர்களும் தடைபடுவர்.

இன்று இந்தியக் கைப்பேசி வலைகளில் புதிய முறை பரவலாக இயங்குகிறது. எனினும் பழையது மறையவில்லை. நாளை நெறிமுறைகளை வகுக்கப்போகும் மாணவர்களே, எத்தனை பேருக்கு இடம் உண்டு என்று கணக்கிடுங்கள். முதலில் வருபவர் எப்படி வந்து சேர்வார் என்பதையும் அப்போதே கணக்கிடுங்கள்.