ஏணை

கோயிலுக்கோ கலியாணவீட்டுக்கோ இனி உடுக்க இயலாதென்று ஒதுக்கிய நூற்சேலை ஒன்றை, வீட்டு வளையில் கட்டிய கயிற்றிலே தொங்கவிட்டு, காற்றுப் புகும்படி குறுக்கே ஒரு தடியையும் செருகிவிட்டால், பிள்ளைக்கு ஏணை ஆயத்தம். புதுப்புடைவை இதற்கு உதவாது. கஞ்சிப்பசை போகாத துணி இளந்தோலை உரசும்; வருஷக்கணக்காகத் தோய்த்து நைந்த பருத்தியோ, சிசுவின் பாரத்துக்கு இசைந்து குழிந்து, இருபுறமும் அணைத்து, வியர்வையை உறிஞ்சி, தாயின் வாசனையையும் விடாது வைத்திருக்கிறது. சிக்கனமும் சௌகரியமும் இவ்வளவு இணக்கமாய்ச் சேர்ந்த வஸ்து வீட்டில் வேறொன்றில்லை என்பது என் அபிப்பிராயம்.

யாழ்ப்பாணத்து மயிலிட்டியின் கடற்றொழில் வீடுகளிலே, மீன் வெட்டிக்கொண்டிருக்கும் தாய், ஏணையிலிருந்து இழுத்த கயிற்றைக் கால்விரலில் கோத்து, கைவேலை தடைப்படாமல் ஆட்டும் லாகவத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1990 யூனில் போரினால் ஊரே இடம்பெயர்ந்து, 2017 யூலையில் துறைமுகப்பகுதி இராணுவத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்படும் வரை மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் ஒண்டியிருந்த குடும்பங்களுக்கு, மரத்தொட்டில் எட்டாப்பொருளாயிருந்த அக்காலத்தில், ஒரு பழஞ்சேலையும் முழக்கயிறும் போதுமாயிருந்தன.

பிள்ளை தவழத் தொடங்கியதும் சேலை அவிழ்க்கப்படும். நல்ல பாகம் அடுத்த பிள்ளைக்கு மடித்து வைக்கப்படும். கிழிந்த பாகம் அடுப்படியில் கைபிடித்துணியாகும். மிஞ்சிய கந்தை விளக்குத்திரியாகும்.