காசு கொடுத்து வாங்கிய வெட்டவெளி

நகரம் வளர்ந்தால் நிலத்தைத் தின்னும். அதுதான் உலக வழக்கம் என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். தோப்பைத் தின்றுவிட்டு, தோப்புத் தெரு என்று பலகை மாட்டிவிட்டால் கணக்குச் சரியாகிவிடுகிறது. வீடு எழும்பக்கூடாது என்பதற்காகவே நிலம் வாங்குகிற நகரமும் உண்டு என்றால் நம்புவது கொஞ்சம் சிரமம்தான். அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையடிவாரத்தில் இருக்கும் போல்டர் அப்படிப்பட்ட ஊர்.

1959-ல் அந்த ஊர் ஜனங்கள் ஒரு கோடு கிழித்தார்கள். 5,750 அடி உயரத்துக்கு மேலே நகரத்துத் தண்ணீர் ஏறாது என்று ஓட்டுப் போட்டார்கள். தண்ணீர் வராத மலையில் பங்களா கட்ட யாருக்குத் துணிவு வரும்? ஆனால் தடுப்பது வேறு, சொந்தமாக்கிக்கொள்வது வேறு. ஆகவே 1967-ல், நூறு டாலருக்குச் சாமான் வாங்கினால் 40 சென்ட் என்று தங்கள் தலையில் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கத் தொடங்கினார்கள். இன்று 45,000 ஏக்கருக்கு மேல் நகரத்தின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே ப்ரெய்ரி நாய் வளை தோண்டுகிறது. பெயர்தான் நாய், ஜாதி அணில். அது தோண்டிய வளையில் ஒரு வகை ஆந்தை குடும்பம் நடத்துகிறது.

இதை நான் மனமார மெச்சுகிறேன். இயற்கையின் மேல் பிரியம் என்று பேசுவது சுலபம். பிறத்தியான் நிலத்தில் காடு வளரட்டும் என்பது அதைவிடச் சுலபம். இவர்கள் மடியை அவிழ்த்து விலை கொடுத்தார்கள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 1971-ல், ஊருக்குள் எந்தக் கட்டடமும் 55 அடிக்கு மேல் போகக்கூடாது என்று இன்னொரு தீர்மானம் செய்தார்கள். பக்கத்தில் பரவவும் வழியில்லை, மேலே எழும்பவும் வழியில்லை. வேலைகள் மட்டும் பெருகின. வீட்டு விலை ஏறாமல் என்ன செய்யும்? அங்கே வேலை செய்கிற ஆயிரக்கணக்கானவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களில் குடியிருந்துகொண்டு, அந்தப் புல்வெளியைக் கடந்து தினமும் வந்து போகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அது விற்பனை வரி. ஊர்க்காரன்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டலில் பாத்திரம் கழுவ வெளியூரிலிருந்து வருகிறவன் போல்டர் கடையில் ஒரு ஜதை செருப்பு வாங்கினால் அவனும் கொடுக்கிறான். வெட்டவெளியின் விலையில் அவனுக்கும் பங்கு உண்டு. அந்த ஊரில் வீடுதான் இல்லை.

அப்படியானால் நிலத்தை வாங்கியதே பிசகா? அப்படிச் சொல்ல நான் தயாரில்லை. வாங்கியிராவிட்டால் அங்கே எழும்பியிருக்கக்கூடிய மாளிகைகளிலும் பாத்திரம் கழுவுகிறவன் குடியேறியிருக்கப் போவதில்லை. குறைந்த விலை வீடுகளுக்கு நகரசபையிடம் திட்டம் இருக்கிறது என்பதும் வாஸ்தவம். தேவை அதைவிடப் பெரிது. வெளியே காலியாக விட்டவர்கள் உள்ளே நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு தர்மம். முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு ஜன்னல் வழியே மலையை ரசிப்பது, ரசனைதான், தியாகம் ஆகாது.

ஆந்தைக்கு இடம் ஒதுக்கிய மனசு பெரிய மனசு. பாத்திரம் கழுவுகிறவனுக்கும் அது இடம் ஒதுக்குகிற நாளில்தான் அந்த 40 சென்ட் முழுவதும் நல்வழியில் செலவானது என்று நான் ஒப்புக்கொள்வேன்.