ஒட்டகத்தைப் பாடினோம், பொதிமாட்டை மறந்தோம்

மாத்தளைப் பக்கத்துப் பாடசாலைகளில் மீலாத் விழாவுக்காக எழுதப்படும் கவிதைகளைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். ஒட்டகம் வராத கவிதை அபூர்வம். எழுதுவதோ ஒட்டகத்தை நேரில் காணாத பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல ஏலாது. எங்கட பெரிய கவிஞர்கள் பலரும் அப்படித்தான். அரபு மண்ணை நினைவூட்ட ஒட்டகம் வருகிறது. அது சுமக்கும் சுமை வருவதில்லை.

உழைக்கும் பிராணியைக் கலை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அல்குர்ஆனிலேயே அளவுகோல் உண்டு. ஸூரத்துந் நஹ்லின் 6ஆம் வசனம் கால்நடைகளை மாலையில் ஓட்டி வருவதிலும் காலையில் ஓட்டிச் செல்வதிலும் உள்ள அழகைச் சொல்கிறது. மனிதன் பெரும் சிரமமின்றிச் சேர முடியாத ஊருக்கு அவை அவனுடைய சுமையைக் கொண்டு போவதைச் சொல்கிறது 7ஆம் வசனம். அழகும் சுமையும் அடுத்தடுத்து. அபூதாவூதில் பதிவான ஹதீஸ் ஒன்றில், நபி (ஸல்) அவர்களைக் கண்டு ஓர் ஒட்டகம் கண்ணீர் விடுகிறது. தன்னைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக அது முறையிட்டதை அவர்கள் உரிமையாளரிடம் எடுத்துச் சொல்கிறார்கள். ஒட்டகம் அங்கே உழைப்பவரின் உரிமைக்குக் குறியீடு. அந்தப் பொருள் எங்கட ஊர் மாட்டுக்கும் பொருந்தும்.

இந்த அளவுகோலோடு எங்கட மாவட்டத்துத் தம்புள்ளைக் குகைகளைப் பார்ப்போம். அங்குள்ள ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் புதுப்பிக்கப்பட்டவை. இரண்டாம் குகையில் துட்டகைமுனுவும் எல்லாளனும் பொருதும் காட்சி உண்டு. அவர்களுடைய யானைகளின் பெயர்களைக் கூட மகாவம்சம் சொல்கிறது: கண்டுல, மஹாபப்பத. போருக்குப் போன பிராணிக்குப் பெயரும் கிடைத்தது, புகழும் கிடைத்தது.

அதே காலத்தில் கண்டி இராச்சியத்தின் மலைப்பாதைகளில் தவளம் நடந்துகொண்டிருந்தது. பொதிமாடுகளின் முதுகில் கரையோரத்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. பாக்கு கீழே இறங்கியது. மடிகே என்ற அரச போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் பெருமளவில் கடமையாற்றினார்கள். குருநாகல் மாவட்டத்தில் சில ஊர்ப்பெயர்களில் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த மாட்டுக்கும், அதன் பக்கத்தில் நடந்தவருக்கும் அரச யானைக்குக் கிடைத்த இடம் கலையில் இல்லை.

மாட்டுக்கு இடம் கொடுத்தது பாமரர் பாட்டு. சிங்கள வண்டிக்காரர்களின் கவியில், ஹப்புத்தளை ஏற்றத்தை நினைத்துக் கலங்குகிறவன் தன் மாட்டோடுதான் பேசுகிறான். சுமையைப் பகிர்ந்தவனுக்கு அது அலங்காரப் பொருளல்ல, கூட்டாளி. தவளம் ஓட்டிய சமூகத்தின் தமிழ்க் கவிதையில் இந்தக் குரல் ஓங்கி ஒலித்திருக்க வேண்டாமா?

இது வெறும் இலக்கியக் குறை அல்ல. 2020 செப்டம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் அனுமதி வழங்கியது. அந்த நாட்களின் பேச்சில் முஸ்லிமையும் மாட்டையும் சேர்த்து நினைத்தவர்கள் பலருக்குக் கத்தி மட்டுமே தெரிந்தது. நூற்றாண்டுக் கணக்கில் மாட்டோடு நடந்த கால்கள் தெரியவில்லை. நாம் பாடாமல் விட்ட உறவுக்கு மற்றவர்கள் பொருள் சொன்னார்கள்.

ஒட்டகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அடுத்த மீலாத் போட்டிக்குப் 'பொதிமாடு' என்றும் ஒரு தலைப்புக் கொடுப்போம். பிள்ளைகள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுக்கொண்டு வந்து எழுதட்டும்.