மெட்ராஸ் சிப்பாய் கையில் பிரெஞ்சுத் துப்பாக்கி

பொம்மைக் கிட்டின் பெட்டி மேல் 'மெட்ராஸ் சிப்பாய், 1820கள்' என்று போட்டிருக்கிறது. உள்ளே அவனுக்குக் கொடுத்திருப்பதோ பிரெஞ்சுக்காரனின் துப்பாக்கி. குழலைக் கட்டையோடு இறுக்கும் மூன்று பட்டைகளை வார்த்திருக்கிறார்கள். அது ஷார்ல்வில் மஸ்கட்டின் அடையாளம். கும்பினிச் சிப்பாய் சுமந்தது பிரௌன் பெஸ் வகையில் 'இந்தியா பேட்டர்ன்'. அதில் பட்டை கிடையாது; கட்டைக்குள் குறுக்கே செருகிய ஊசிகள்தான் குழலைப் பிடித்திருக்கும்.

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நிஜத் துப்பாக்கியை உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டுவது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அது நடக்காது. நமக்கு 1/16 அளவு ரெசின் பொம்மை போதும். வண்ணமும் தூரிகையும் டோபி காட் எம்ஆர்டிக்கு மேலே, பிளாசா சிங்கப்பூராவிலேயே கிடைக்கும்.

முதலில் பட்டைகளைச் சுரண்டி எடுத்தேன். பிறகு அளவு. இந்தியா பேட்டர்னின் குழல் 39 அங்குலம்; இந்த அளவில் 6.2 செ.மீ. வரவேண்டும். கிட்டில் இருந்தது 6.7. முனையில் 5 மி.மீ. வெட்டியதும் ஆள் உயரத்துக்கும் துப்பாக்கிக்கும் பொருத்தம் வந்துவிட்டது. குழல் வாய் அடைத்துக் கிடந்தது. அசலின் துளை முக்கால் அங்குலம் என்பதால் 1.2 மி.மீ. துளையூசி சரியாக இருந்தது.

குழலுக்குக் கறுப்பு அடிக்கச் சொல்கிறது வழிகாட்டித் தாள். கேட்காதீர்கள். சிப்பாய்கள் செங்கல் பொடி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்த இரும்பு அது. மங்கிய எஃகு நிறம் அடித்து, மருந்து பற்றும் துளையருகே மட்டும் கரி படிந்தாற்போல் ஒரு தொடல் போதும். பித்தளைப் பாகங்களுக்குத் தங்க நிறத்தை அப்படியே பூசினால் கல்யாண வீட்டுக் குத்துவிளக்காகிவிடும். கொஞ்சம் பழுப்பு கலக்க வேண்டும். கட்டைக்கு இளம்பழுப்பு அடித்து, அதன்மேல் அம்பர் எண்ணெய் வண்ணத்தைக் காய்ந்த தூரிகையால் இழுத்தால் வால்நட் மரத்தின் இழை தெரியும். மினுமினுக்கும் வார்னிஷ் வேண்டாம்.

பழசாகத் தெரியவேண்டும் என்று துருவும் சேறும் அப்புகிறவர்கள் அதிகம். தினமும் அணிவகுப்பில் அதிகாரி கையில் வாங்கிப் பார்த்த ஆயுதம் அது. தேய்மானம் கை பிடிக்கும் கழுத்திலும் அடிக்கட்டையிலும் மட்டும் இருக்கட்டும். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடைக்குள் ஈயத்தகட்டுத் துணுக்கு வைத்தேன். கண்ணுக்குச் சட்டென்று படாது, ஆனாலும் வைக்காமல் விட மனம் வரவில்லை.

பின்னணிக்கு அருகிலிருக்கும் ஃபோர்ட் கேனிங் கோட்டை வாசலை அமைக்க ஆசை வரும். கோட்டை கட்டி முடிந்தது 1861இல். அதற்குள் சக்கிமுக்கித் துப்பாக்கியின் காலம் போய்விட்டது. அத்தாப்புக் குடிசை பொருந்தும்.

முகமும் சிவப்புக் கோட்டின் மடிப்புகளும் அருமை. அதற்காகவே வாங்கலாம். வெட்டி ஒட்டப் பொறுமை இல்லாதவர்கள் துப்பாக்கியை மட்டும் தனி உதிரியாக வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.